சுற்றுலா விசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் நண்பர்களும் உறவினர்களும் விண்ணப்பப் படிவத்தோடு என்னிடம் வரும்போது, பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். கட்டணங்களும் நாடுகளின் பட்டியல்களும் மாறிக்கொண்டே இருப்பவை. அதனால் பணம் கட்டும் முன் நீங்கள் போகிற நாட்டின் அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்தான் இருக்கே, விசா எதுக்கு?

பாஸ்போர்ட் உங்கள் நாடு தருவது. நீங்கள் யார், எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதற்கு அது சான்று. விசா நீங்கள் போகிற நாடு தருவது. என்ன காரணத்துக்காக, எந்தத் தேதிக்குள், எத்தனை முறை வரலாம் என்பதை அது சொல்கிறது. சில நாடுகள் சிலரிடம் விசா கேட்பதில்லை. ஆனால் பாஸ்போர்ட்டை அநேகமாக எல்லா நாடுகளும் கேட்கும்.

எனக்கு விசா வேணுமா வேண்டாமானு எப்படித் தெரிஞ்சுக்கறது?

உங்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது அதற்கு அடுத்துத்தான் வரும். ஒரே வீட்டில் வசிக்கும் கணவனும் மனைவியும் வேறு வேறு பாஸ்போர்ட் வைத்திருந்தால், ஒருவருக்கு விசா தேவைப்படலாம், மற்றவருக்குத் தேவைப்படாமல் போகலாம். நண்பர் விசா இல்லாமல் போய்வந்தார் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் விசா வேறொரு கதவைத் திறக்கலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர் மெக்சிகோவுக்குச் சுற்றுலா செல்லத் தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டியதில்லை. இப்படிச் சலுகை தரும் நாடுகள் வேறு சிலவும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் தேடிப் பார்த்தால் பணமும் நேரமும் மிச்சமாகும்.

ஆன் அரைவல், இ-விசா, இடிஏ... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. ஆன் அரைவல் என்றால் அங்கே போய் இறங்கிய பிறகு கவுண்டரில் பணம் கட்டி வாங்குவது. இ-விசா என்றால் கிளம்பும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கும் முழு விசா. இடிஏ, அமெரிக்காவின் எஸ்டா போன்றவை விசா தேவைப்படாதவர்களுக்கான முன் அனுமதி. விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எஸ்டா எடுத்துக்கொண்டு அமெரிக்கா போக முடியாது.

இவை தவிர, வருகை அட்டை என்று ஒன்று உண்டு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றிலும் இதை இப்போது இணையத்திலேயே, வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பச் சொல்கிறார்கள். தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அட்டை என்பது விசா ஆகாது. விசா வேண்டியவர் இரண்டையும் செய்ய வேண்டும்.

மூன்று நாடுகளிலும் இந்த அட்டை இலவசம். தேடினால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், அதே படிவத்துக்குக் காசு வாங்கும். கூடவே உங்கள் பாஸ்போர்ட் விவரங்களும் யாரென்று தெரியாதவர் கைக்குப் போகும். முகவரிப் பட்டையில் அரசுத் தளத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிரப்புங்கள்.

பாஸ்போர்ட் இன்னும் நாலு மாசம் இருக்கு, போதும்தானே?

பல நாடுகளுக்குப் போதாது. நாட்டுக்குள் நுழையும் நாளில் 6 மாதம் மீதமிருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் நிறைய. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் மீதமிருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், விசா ஒட்ட 2 பக்கமாவது வெற்றாகவும் இருக்க வேண்டும். பயணத் தேதியன்று பாஸ்போர்ட்டில் ஏழெட்டு மாதம்தான் மீதமிருக்கும் என்றால், முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் விசாவுக்குப் போவதே நல்லது.

கிழிந்த பக்கம், நனைந்து எழுத்து கலைந்த பக்கம், பிள்ளைகள் கிறுக்கிய பக்கம் இருந்தாலும் புதுப்பித்துவிடுங்கள். தேதி சரியாக இருந்தாலும் சேதமடைந்த பாஸ்போர்ட்டை ஏற்க மறுக்கலாம்.

விசா கொடுத்துட்டாங்கன்னா உள்ளே விட்டே ஆகணும் இல்லையா?

அப்படி இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதானால் இதை வையுங்கள்: உங்களை மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். தூதரக அதிகாரி உங்கள் நோக்கத்தைப் பார்க்கிறார். விமான நிறுவனத்தின் செக்-இன் ஊழியர் உங்கள் ஆவணங்களைப் பார்க்கிறார். அங்கே இறங்கியதும் குடிநுழைவு அதிகாரி உங்களையே பார்த்து முடிவெடுக்கிறார். முதல் இருவர் சம்மதித்ததால் மூன்றாமவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை.

அவர் கேட்பது பெரும்பாலும் எளிய கேள்விகள்தான்: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். விண்ணப்பத்தில் எழுதியதும் இப்போது வாயால் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். தங்குமிட முகவரி, திரும்பும் டிக்கெட் இரண்டையும் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். இறங்கிய இடத்தில் போனில் இணையம் வேலை செய்யும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பத்து வருஷ விசா கிடைச்சிருக்கு. அப்போ பத்து வருஷம் தங்கலாமா?

தங்க முடியாது. விசாவில் இருக்கும் தேதி, அதற்குள் வந்து கதவைத் தட்டலாம் என்பதைச் சொல்கிறது. எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு கணக்கு. அமெரிக்கச் சுற்றுலா விசாவில், நுழையும்போது அதிகாரி தரும் ஐ-94 பதிவில் உள்ள தேதிதான் கடைசி நாள். பெரும்பாலும் அது 6 மாதமாக இருக்கும், குறைவாகவும் தரலாம். உள்ளே போனதும் அந்தப் பதிவை இணையத்தில் எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் இன்னொரு குழப்பம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஒரு வரி இருக்கும், தங்கும் நாட்கள் எத்தனை என்று வேறொரு கட்டம் இருக்கும். மே 1 முதல் ஜூன் 10 வரை என்று தேதி போட்டு, தங்கும் நாட்கள் 25 என்று இருந்தால், அந்த இடைவெளியில் ஏதோ ஒரு 25 நாள்தான் உங்களுடையது. பயணம் சற்றுத் தள்ளிப்போனால் சமாளிக்கத்தான் தேதி இடைவெளியை அகலமாகத் தருகிறார்கள். அதையே தங்கும் காலமாக நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

ஐரோப்பாவுக்கு ஒரே விசான்னு சொல்றாங்களே, எல்லா நாட்டுக்கும் போகலாமா?

ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருக்கின்றன. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றல்ல. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் இல்லை. ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் நான்கும் ஒன்றியத்தில் இல்லாமலே ஷெங்கனில் இருக்கின்றன. பிரிட்டன் இரண்டிலும் இல்லை, அதற்குத் தனி விசா.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பாரிஸில் இறங்கி, நடுவில் இரண்டு நாள் லண்டன் போய்விட்டு, பிறகு ரோம் போகலாம் என்று திட்டம் போடுகிறார்கள். கையில் இருப்பதோ ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா. லண்டன் போன கணமே அந்த ஒரு நுழைவு தீர்ந்துவிடும், ரோமுக்குள் விடமாட்டார்கள். நடுவில் வெளியே போய்வரும் திட்டம் இருந்தால், விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்டு, காரணத்தையும் பயணத் திட்டத்தில் காட்டுங்கள். அல்லது லண்டனை முதலிலோ கடைசியிலோ வைத்துவிடுங்கள்.

எந்த நாட்டுத் தூதரகத்துல அப்ளை பண்ணணும்? சீக்கிரம் தேதி கிடைக்கிற இடத்துல போட்டா என்ன?

ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாடு எதுவோ, அதன் தூதரகத்தில்தான். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் தாமதம். முடிவு சொல்ல வழக்கமான காலம் 15 நாள், கூடுதலாக ஆராய வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம்.

தேதி கிடைக்கிறதே என்று ஒரு நாட்டில் விசா வாங்கிவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் வேறு நாட்டில் முழு விடுமுறையையும் கழிப்பது ஆபத்தான வேலை. எல்லையில் ஓட்டல் பதிவைக் கேட்டால் பதில் இருக்காது. பொய்யான திட்டத்தைக் காட்டி வாங்கியது என்று விசாவையே ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உண்மையிலேயே பாதியில் திட்டம் மாறினால் அது வேறு. மாறியதற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

180 நாளில் 90 நாள்னா என்ன கணக்கு? எனக்குப் புரியவே இல்ல.

ஷெங்கனில் எந்த நாளில் நின்று பார்த்தாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ணுங்கள். அதற்குள் நீங்கள் அங்கே இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடியும் நிலையான அரையாண்டுக் கணக்கு இல்லை இது. ஒவ்வொரு நாளும் அந்த 180 நாள் உங்களோடு நகர்ந்துகொண்டே வரும். இறங்கும் நாள் முழு நாள், கிளம்பும் நாளும் முழு நாள். இரவு 11.50-க்கு இறங்கினாலும் ஒரு நாள் போய்விட்டது.

பலமுறை நுழையும் விசா வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். லீப் ஆண்டு இல்லாத வருடத்தில் ஜனவரி 1 அன்று நுழைகிறார். தொடர்ந்து தங்கினால் மார்ச் 31 அன்று 90 நாள் முடிகிறது, அன்றே கிளம்பிவிட வேண்டும். மறுபடி ஜூன் 30 அன்று நுழையலாம். அன்றைக்கு நின்று 180 நாள் பின்னே போனால் ஜனவரி 2 வரும். ஜனவரி 1 கணக்கிலிருந்து விழுந்துவிட்டதால் ஒரு நாள் கிடைக்கிறது, அடுத்தடுத்த நாட்களிலும் இப்படியே ஒவ்வொன்றாக விழும். நடுவில் அவர் ஜூன் 10-ம் தேதி வந்திருந்தால் ஒரு நாள்கூடத் தங்க உரிமை இருந்திருக்காது.

சிறுசிறு பயணமாகப் போய்வருபவர்களுக்கு மனக்கணக்கு உதவாது. ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இதற்கென்றே இலவசக் கணிப்பான் இருக்கிறது, தேதிகளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இப்போது தப்பவும் வழியில்லை. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இஇஎஸ் பதிவுமுறை, முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் விரல் ரேகையும் எடுத்து நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதிகிறது. மங்கிய முத்திரையை அதிகாரி கவனிக்காமல் விடுவார் என்ற காலம் முடிந்தது.

பேங்க்ல எவ்வளவு காட்டணும்?

இதை எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். சில நாடுகள் தொகை சொல்கின்றன. பிரான்ஸ், ஓட்டல் பதிவு இருந்தால் நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ என்று கணக்கு வைத்திருக்கிறது. பிரிட்டன் போன்ற நாடுகள் தொகையே சொல்வதில்லை. உங்கள் வருமானத்துக்கும் திட்டமிட்ட செலவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கின்றன.

அதிகாரி கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மாதாமாதம் எங்கிருந்து பணம் வருகிறது, எப்படிச் செலவாகிறது என்ற ஓட்டத்தைப் பார்க்கிறார். மாதக்கணக்கில் சொற்ப இருப்போடு இருந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்தால், அது சந்தேகத்தைத்தான் வளர்க்கும். உண்மையான காரணம் இருந்தால், நிலம் விற்றது, வைப்பு நிதி முதிர்ந்தது என்று, அதற்கான தாளையும் ஒரு சிறு விளக்கக் கடிதத்தையும் சேர்த்துவிடுங்கள். கைமாற்றாக வாங்கிப் போட்டுக் காட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வேறொருவர் செலவை ஏற்றால், அவருடைய கடிதம், வருமானச் சான்று, உங்கள் இருவருக்கும் என்ன உறவு என்பதற்கான சான்று மூன்றும் வேண்டும். கடிதம் மட்டும் போதாது.

முதல்ல டிக்கெட் போடணுமா, விசா எடுக்கணுமா?

ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்காதீர்கள். விசா கையில் வரும்வரை இறுதிப் பயணத் திட்டம் போட வேண்டாம் என்று அமெரிக்க அரசே சொல்கிறது. ஷெங்கனுக்குப் பயணப் பதிவு காட்ட வேண்டும். அதற்குப் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டோ, விமான நிறுவனம் சில நாள் பிடித்துவைக்கும் பதிவோ போதும். ஓட்டலும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள்.

டம்மி டிக்கெட் என்று விற்கிறார்களே, அதில் இரண்டு வகை. சரிபார்த்தால் விமான நிறுவனத்தின் தளத்திலேயே தெரியும் உண்மையான பதிவு ஒன்று. கணினியில் வரைந்து கொடுத்த காகிதம் இன்னொன்று. இரண்டாவது போலி ஆவணம். அதன் விளைவு, விசா மறுக்கப்பட்டவர்களுக்கான பதிலில் கீழே வருகிறது.

இன்ஷூரன்ஸ் கட்டாயமா?

ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவும், உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அடங்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளிலும், தங்கும் எல்லா நாட்களுக்கும் செல்ல வேண்டும். மற்ற பல நாடுகள் இன்ஷூரன்ஸ் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள், குறிப்பாக வயதானவர்களோடு போகும்போது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாலிசி செலவு தருமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

விசா சென்டர்ல எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்க. அப்போ கிடைச்ச மாதிரிதானே?

விசா மையங்கள் ஆவணங்களை வாங்கி, விரல் ரேகை எடுத்து, தூதரகத்துக்கு அனுப்பும் வேலையைச் செய்கின்றன. முடிவெடுப்பது தூதரகம். பட்டியலில் உள்ள தாள்கள் இருக்கின்றன என்பதைத்தான் அங்கே 'சரி' என்கிறார்கள். அங்கே விற்கப்படும் கூடுதல் சேவைகள் முடிவை மாற்றுவதில்லை. நிச்சயம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள். அப்படி உறுதி தர யாராலும் முடியாது.

படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையது. அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 விண்ணப்பப் படிவம் கடந்த 5 ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக்கூடக் கேட்கிறது. ஏஜென்ட் தனக்குத் தெரியாததை வெறுமனே 'இல்லை' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்.

அமெரிக்க இன்டர்வியூல ஒரு பேப்பரைக்கூடப் பாக்கல, ரெண்டு நிமிஷத்துல 214(பி)ன்னு தாள் கொடுத்துட்டாங்க. ஏன்?

214(பி) என்பது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு. சுற்றுலா விசா கேட்டு வரும் ஒவ்வொருவரையும், அங்கேயே தங்கிவிடும் எண்ணம் உள்ளவர் என்றே அந்தச் சட்டம் முதலில் கருதிக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அதிகாரி படிவத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார். வேலை, குடும்பம், சொத்து, முந்தைய பயணங்கள் ஆகியவை உங்களைத் திரும்பி வரவைக்கும் என்று அவருக்கு உங்கள் பதிலில் தெரிய வேண்டும்.

மனப்பாடம் செய்த பதில் உதவாது. எதற்கு, எங்கே, எத்தனை நாள், யார் செலவு என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கமாகச் சொல்லப் பழகுங்கள். இந்த மறுப்பு நிரந்தரத் தடை இல்லை, மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் நிலைமையில் எதுவும் மாறாமல் அடுத்த வாரமே போய் நின்றால் அதே பதில்தான் வரும், கட்டணமும் திரும்ப வராது.

ஒரு நாட்டுல விசா மறுத்துட்டாங்க. அடுத்த நாட்டுல அதைச் சொல்லணுமா?

படிவம் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். பல படிவங்கள் கேட்கின்றன. மறுக்கப்பட்டது ஒரு குறைதான், ஆனால் விளக்கிவிடலாம். மறைத்தது தெரிந்தால் விளக்க எதுவும் மிஞ்சாது. பிரிட்டன், பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்தவருக்கு 10 ஆண்டுத் தடை போடலாம். அமெரிக்கச் சட்டத்தில் விசாவுக்காக முக்கியமான உண்மையைத் திரித்துச் சொன்னவர் வாழ்நாள் முழுக்கத் தகுதியிழக்கிறார். நாடுகள் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஷெங்கன் விண்ணப்பங்களும் அவற்றின் முடிவுகளும் எல்லா உறுப்பு நாடுகளும் பார்க்கக்கூடிய ஒரே தரவுதளத்தில் இருக்கின்றன.

ஷெங்கன் மறுப்பில் காரணம் குறித்த தாள் தருவார்கள், மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. அந்தத் தாளை நிதானமாகப் படியுங்கள். பயண நோக்கம் நம்பும்படி இல்லை, பணம் போதாது, திரும்புவீர்களா என்பதில் சந்தேகம் என்று எதைக் குறித்திருக்கிறார்களோ, அடுத்த விண்ணப்பத்தில் அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. பிரச்சினை வருமா?

வரலாம். அமெரிக்க விசாவில் உங்கள் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சிடுவார்கள், பதற வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருபவர்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அடிக்கடி பயணம் செய்பவர் என்றால் பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்துப் பதிந்துவிடுவது நிம்மதி. எப்படி இருந்தாலும் டிக்கெட், விசா, பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்க வேண்டும்.

பழைய பாஸ்போர்ட்டில் விசா இருக்கு, பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சு. விசாவும் போச்சா?

அமெரிக்க விசா போகாது. தேதி மீதமிருந்து, ஸ்டிக்கர் சேதமில்லாமல் இருந்தால் பழையது, புதியது இரண்டையும் சேர்த்து எடுத்துப் போகலாம். ஸ்டிக்கரை மட்டும் உரித்தெடுத்துப் புதியதில் ஒட்டிவிடாதீர்கள், அந்த நொடியே அது செல்லாது. எஸ்டா, இடிஏ, இ-விசா போன்றவை பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. எண் மாறினால் எஸ்டா புதிதாக எடுக்க வேண்டும், மற்றவற்றுக்கு அந்தந்த நாட்டு விதியைப் பாருங்கள்.

நடுவுல பிளேன் மாறத்தானே போறேன், வெளியே போகமாட்டேன். அதுக்கும் விசாவா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்க விமான நிலையங்களில் குடிநுழைவைத் தாண்டாமல் விமானம் மாறும் வசதி கிடையாது. மெக்சிகோ போக ஹூஸ்டனில் இரண்டு மணி நேரம் நின்றாலும் விசா அல்லது எஸ்டா வேண்டும். ஷெங்கனில் பெரும்பாலான பாஸ்போர்ட்களுக்கு விமான நிலையத்துக்குள்ளேயே மாற அனுமதி தேவையில்லை. ஆனால் எல்லா ஷெங்கன் நாடுகளும் விமான நிலைய ட்ரான்சிட் விசா கேட்கும் 12 நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் அதில் இருக்கின்றன. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால் விலக்குக் கிடைக்கும். இது போக, சில ஷெங்கன் நாடுகள் தனியாகவும் பட்டியல் வைத்திருக்கின்றன.

இரண்டு இடங்களில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, ஷெங்கனுக்குள் இரண்டு விமான நிலையங்களில் மாறுவது. நியூயார்க் போகும் வழியில் ஃபிராங்ஃபர்ட், பிறகு பாரிஸ் என்று டிக்கெட் இருந்தால், ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து பாரிஸ் போவது உள்ளூர் விமானத்துக்குச் சமம். ஃபிராங்ஃபர்ட்டிலேயே ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்கு விசா வேண்டும்.

இரண்டாவது, மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு தனி டிக்கெட் வாங்குவது. பெட்டி முதல் விமானத்தோடு நின்றுவிடும். அதை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய நீங்கள் குடிநுழைவைத் தாண்டி வெளியே போக வேண்டியிருக்கும். ஒரே பதிவெண்ணில், பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகும்படி டிக்கெட் எடுங்கள். கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.

பிள்ளைங்களை ஒரு பெற்றோர் மட்டும் கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், ஆனால் கூட வராத பெற்றோரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். முடிந்தால் நோட்டரியிடம் சான்று வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ் நகலையும் வைத்திருங்கள், குறிப்பாகக் குழந்தையின் பெயரும் உங்கள் பெயரும் வேறு மாதிரி இருந்தால். தனியாக வளர்ப்பவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ். குழந்தைக் கடத்தலைத் தடுக்கத்தான் இந்தக் கேள்விகள், அதனால் அதிகாரி துருவிக் கேட்டால் கோபப்பட வேண்டாம்.

செக்-இன்லயே நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு என்ன உரிமை?

உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன, அவரைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பும் அதன் தலையில்தான். அதனால் ஊழியர், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் டிமேட்டிக் என்ற தரவுதளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பார்க்கிறார். அதில் திரும்பும் டிக்கெட் வேண்டும் என்று இருந்தால் கேட்டே தீருவார். அவர் பார்ப்பது தவறு என்று நினைத்தால் மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லி, அரசுத் தளத்தின் பக்கத்தைக் காட்டுங்கள். இதற்கெல்லாம் நேரம் வேண்டும், சீக்கிரமே போய்விடுங்கள்.

விசா தவிர வேற என்னத்தையாவது கேப்பாங்களா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்கலாம். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் அந்நோய் உள்ள நாடுகளுக்குப் போனாலோ, அங்கிருந்து வந்தாலோ, சில சமயம் அங்கே விமானம் மாறி நீண்ட நேரம் காத்திருந்தாலோகூட இது தேவைப்படும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகிறது.

மருந்துகளை அசல் உறையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டுபோங்கள். கவனக்குறைபாட்டுக் கோளாறுக்குத் தரும் ஆம்ஃபெட்டமைன் கலந்த மருந்துகளை ஜப்பான் சீட்டு இருந்தாலும் அனுமதிப்பதில்லை. இ-சிகரெட் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் தடை. ரொக்கம் அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் போவதுதான் குற்றம்.

சுற்றுலா விசாவில் போய் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்க்கலாமா?

அந்த நாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்வது அநேகமாக எங்குமே கூடாது. தங்க இடமும் சாப்பாடும் மட்டும் வாங்கிக்கொண்டு விடுதியிலோ பண்ணையிலோ உதவுவதையும் பல நாடுகள் வேலையாகவே பார்க்கின்றன. சொந்த நாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்வதில் விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், பயணத்தின் முதன்மை நோக்கம் அதுவாக இல்லாதவரை அனுமதிக்கிறது. நியூசிலாந்து 2025 ஜனவரியிலிருந்து அனுமதிக்கிறது. பல நாடுகளின் சட்டம் இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அங்கெல்லாம் குடிநுழைவு மேசையில் வேலை செய்ய வந்தேன் என்ற பொருள் வரும்படி பேசினால் சிக்கல் வரும். பொய் சொல்லச் சொல்லவில்லை. வேலைதான் முக்கிய நோக்கம் என்றால் அதற்கென்று உள்ள விசாவை எடுங்கள் என்கிறேன்.

விமானம் ரத்தாயிடுச்சு, இல்ல ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. விசா நாள் முடியுது. என்ன செய்யறது?

நாள் முடியும் முன்பே அந்த நாட்டுக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் நீட்டிப்புக் கேளுங்கள். உங்களால் தவிர்க்க முடியாத காரணம் என்றால் ஷெங்கனில் கட்டணமின்றி நீட்டித்துத் தருகிறார்கள். விமான நிறுவனத்தின் ரத்துக் கடிதம், மருத்துவமனைக் கடிதம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். படுத்த படுக்கையாக இருந்தால் கூட இருப்பவர் உங்கள் தூதரகத்தைத் தொடர்புகொள்ளலாம்.

ஒரு நாள்தானே என்று சும்மா இருக்காதீர்கள். அமெரிக்காவில் ஐ-94 தேதியைத் தாண்டினால், விசாவில் எத்தனை ஆண்டு மீதமிருந்தாலும் அது செல்லாமல் போகிறது. 180 நாளுக்கு மேல் தாண்டித் தங்கிவிட்டுக் கிளம்பியவருக்கு 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்கு 10 ஆண்டும் திரும்ப நுழையத் தடை.

அங்கே போய்ப் பாஸ்போர்ட் தொலைஞ்சா?

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அதோடு உங்கள் தூதரகத்துக்குப் போனால் புதிய பாஸ்போர்ட்டோ, ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றோ தருவார்கள். தொலைந்த பாஸ்போர்ட்டோடு விசாவும் நுழைவு முத்திரையும் போய்விட்டதால், வெளியேற அனுமதிக்காகச் சில நாடுகளில் குடிநுழைவு அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கும். அவசரச் சான்றை வைத்து வழியில் வேறு நாட்டில் விமானம் மாற முடியுமா என்பதை டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள். முடிந்தால் நேர் விமானமாக எடுத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டின் படப் பக்கம், விசாப் பக்கம், நுழைவு முத்திரை மூன்றையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். போனும் பாஸ்போர்ட்டும் ஒரே பையில்தான் தொலைகின்றன. அதனால் ஒரு காகித நகலையும் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் இரண்டையும் வேறு பெட்டியில் வைத்திருங்கள்.